வலப்பக்கம் திரும்பாத கழுத்து

முகத்தை வைப்பதற்கென்று அந்த மேசையில் ஒரு வட்ட ஓட்டை விட்டிருந்தார்கள். கொம்பையா அதற்குள் முகத்தைக் கொடுத்துக் குப்புறப் படுத்திருந்தார். கீழே தரைதான் தெரிந்தது. வெள்ளை டைல்ஸ், ஒன்றில் மூலை உடைந்து சிமெண்டு பூசியிருந்தது, அந்தச் சிமெண்டைச் சுற்றி ஓர் எறும்பு போவதும் வருவதுமாக இருந்தது. அதற்கப்பால் டாக்டரம்மாவின் கான்வாஸ் ஷூ. இப்படிச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பிடரியை இன்னொருவர் கையில் கொடுத்துக் கிடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் நின்று வேலை பார்க்கிறவர். கோவில்பட்டியில் பாதிப் பேருடைய பிடரி அவருக்குத் தெரியும். யாருக்கு அங்கே மரு, யாருக்கு மடிப்பு, யாருக்கு மயிர் காலருக்குள்ளேயே இறங்கிப் போய் முதுகில் முடிகிறது, எல்லாம் தெரியும். தன் பிடரிதான் அவருக்குத் தெரியாது. சலூன்காரனுக்கு எட்டாத இடம் அது ஒன்றுதான். முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே தவிரக் கத்தி வைக்க முடியாது. அதற்கு இன்னொரு தொழில்காரன் வேண்டும். செவ்வாய்க்கிழமை கடை லீவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மாற்றி மாற்றி வெட்டிக்கொள்வதுதான் வழக்கம். இவருக்கு நம்பிராஜன், நம்பிராஜனுக்கு இவர். ஒரே கடையில் இரண்டு சேர், அக்காள் புருஷனும் மச்சினனும். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது முடி வளர்ந்தால் அவர் பஸ் ஏறிச் சாத்தூர் போகிறார். ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில், தன் தொழில் என்னவென்று சொல்லாமல், இந்தப் பக்கம் மழை உண்டுமா என்று விசாரித்துக்கொண்டு உட்கார்ந்து வெட்டிக்கொண்டு வருகிறார். அந்தக் கடைக்காரன் பிடரியில் படிக்கட்டு மாதிரி விட்டுவிடுகிறான். தடவிப் பார்த்தாலே தெரியும். சரியில்லை என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான். அதனால் சொல்வதில்லை. இப்போது இந்த டாக்டர்ப் பிள்ளை அந்தப் படிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். என்ன தொழில் என்று அது கேட்டபோது சலூன் என்று சொல்லித் தொலைத்தாயிற்று. சலூன்காரன் தலையைப் பார் என்று மனசுக்குள் சிரிக்கும்.

டாக்டரம்மாவுக்குப் பெயர் ஜெஸ்லின். நாகர்கோவில்காரி. மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் பிசியோதெரபி என்று போர்டு மாட்டியிருக்கிறாள். அவளுடைய கட்டை விரல் அவர் வலது தோள்பட்டை எலும்பின் உள்ஓரமாக மெதுவாக இறங்கி வந்தது, அரிசியில் கல் தேடுகிற மாதிரி. இங்கேயா என்றாள். இல்லை என்றார். இங்கே? இல்லை. வலி கையில்தானே, இந்தப் பிள்ளை முதுகில் என்ன தேடுகிறது என்று நினைத்தார். கையைக் காட்டத்தான் வந்தார். வலது கை, முழங்கைக்குக் கீழே உளைச்சல், சுண்டுவிரல் மரத்துப் போகிறது, கத்தியைப் பிடித்தால் பிடி நிற்கவில்லை. அதைச் சொன்னால் கையைப் பிடித்துப் பார்ப்பாள் என்று பார்த்தால், சட்டையைக் கழற்றுங்க ஐயா என்றாள். கட்டை விரல் இன்னும் கொஞ்சம் இறங்கியது. நின்றது. அழுத்தியது. அங்கிருந்து கரண்டு பிடித்த மாதிரி ஒன்று கிளம்பித் தோளைச் சுற்றிக் கைக்குள் இறங்கிச் சுண்டுவிரல் நுனியில் போய் நின்றது. கொம்பையா ஓட்டைக்குள்ளேயே ஹா என்றார். எச்சில் தரையில் சொட்டியது. எறும்பு விலகிப் போனது.

“எங்க போகுது வலி?”

“வெரலுக்கு.”

“எந்த வெரல்?”

“அதே வெரலுதாம்மா. என்னம்மா பண்ணுன?”

“ஒண்ணும் பண்ணல. தேடினேன், கிடைச்சிட்டு,” என்றாள். “பயப்படாதீங்க. இது நரம்புக் கோளாறு இல்ல, வாதமும் இல்ல. வெறும் சதை.”

வாதம் இல்லை என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்கு மூச்சு கொஞ்சம் இறங்கிப் போனது. அவர் அந்தப் பேரைச் சொல்லவே இல்லை. அவளாகத்தான் சொன்னாள். வருகிற எல்லாரும் அதற்குத்தான் பயந்து வருவார்கள் போல. மாமனார் கை அப்படித்தான் போனது. கடையை ஆரம்பித்தவர் அவர்தான். ஒரு நாள் காலையில் ஒருவருக்குக் காதோரம் வெட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து கத்திரி நழுவித் தரையில் விழுந்தது. என்ன மாமா என்றால் வாய் ஒரு பக்கமாகச் சிரிக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அந்தக் கை சுரைக்காய் மாதிரித் தொங்கிக்கொண்டே கிடந்தது சாகும் வரைக்கும். கத்திரி விழுந்த சத்தம் கொம்பையா காதுக்குள் இன்னும் இருக்கிறது. டிங் என்று ஒரு தரம், அப்புறம் சின்னதாக இன்னொரு தரம். சுண்டுவிரல் மரத்த அன்றைக்கு அந்த இரண்டாவது டிங் கேட்டது. வீட்டில் செண்பகம் தைலம் போட்டுத் தேய்த்துவிட்டாள், அவள் கையில் வலு இல்லை, பூனை நடக்கிற மாதிரி இருந்தது. தேய்த்துக்கொண்டே சொன்னாள், தம்பிகிட்டச் சொல்லி ஒருக்க அழுத்திவிடச் சொன்னா என்னவாம், ஒரே கடையிலதான நிக்கிய என்று. தம்பி. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். கை அறுந்து விழுந்தாலும் விழட்டும், அவன் கை மேலே படக் கூடாது. அவன் காதுக்கு இந்தச் சேதி போகவே கூடாது. மாமனாருக்கு வந்தது தனக்கும் வந்தால் செத்துப்போவதைப் பற்றி அவருக்கு ஒன்றுமில்லை. நம்பிராஜன் சொன்னது மெய்யாகிவிடும். அதுதான் தாங்காது.

அவன் சொன்னது இதுதான். அத்தானுக்குக் கை லேசா நடுங்குது சார், நம்ம சேர்ல உக்காருங்க. தாலுகா ஆபீஸ் குருநாதனிடம் சொன்னான். குருநாதன் கொம்பையாவின் வாடிக்கை. வெள்ளை மீசை, அதில் ஒரு மயிர் கூடக்குறைய இருந்தாலும் கண்ணாடியில் பத்துத் தரம் பார்க்கிற ஆள். கொம்பையா பின்பக்கம் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரைக்கு இந்தப் புறம் நின்றார். காதாலேயே கேட்டார். கையைப் பார்த்தார். கையில் செம்பு நிறையத் தண்ணீர், ஒரு அலை இல்லை. குருநாதன் எழுந்து அடுத்த சேரில் உட்கார்ந்தார். அன்றைக்கு மாறியவர் மாறியவர்தான். அவர் பின்னால் இன்னும் சிலர். கொம்பையா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவன் ஒன்று சொல்வான், செண்பகம் ஒன்று சொல்வாள், பேசித் தீர்த்துவிடுவார்கள். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பேச்சை நிறுத்தினார், அவ்வளவுதான். முதலில் அவன் என்ன அத்தான் என்ன அத்தான் என்று வந்தான். அப்புறம் அவனும் நிறுத்திக்கொண்டான். அவனுக்குக் காரணம் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? சொன்ன வாய்க்குத் தெரியாதா?

“வலிக்கா ஐயா?”

“அழுத்தும்மா.”

“மூச்சைப் பிடிக்காதீங்க. விடுங்க. சதை ஒரே நிலையில ரொம்ப நாள் இழுத்துப் பிடிச்சு நின்னா, அதுல ஒரு துண்டு மட்டும் சுருங்கினது சுருங்கினபடியே இருந்துரும். வேலை முடிஞ்சாலும் அது விடாது. அங்க ரத்தம் சரியா ஓடாது. ஓடாததால இன்னும் இறுகும். அதான் முடிச்சு. இது உங்களுக்குப் பட்டாணி அளவு இருக்கு. பக்கத்துல இன்னும் ரெண்டு, சின்னது.”

“பட்டாணிக்கா இந்தப் பாடு?”

“அது இருக்கிற இடத்துல வலிக்காது. வேற எங்கயாவது கொண்டு போய்க் காட்டும். கையில வலிக்குன்னு கையையே தேய்ச்சிட்டு இருந்தா ஆயுசுக்கும் தேய்ச்சிட்டே இருக்க வேண்டியதுதான்.”

இவள் எனக்கே சொல்லித் தருகிறாள் என்று நினைத்தார். எத்தனை தலை பிடித்துவிட்டிருப்பார். நெற்றிப்பொட்டில் இரண்டு விரல், உச்சியில் தட்டு, தோளில் சப்பு சப்பென்று கை, கடைசியில் நாடியைப் பிடித்துக் கழுத்தை ஒரு சுண்டு சுண்டி நெட்டி எடுத்தால் எழுந்து போகிறவன் வேறு ஆளாகப் போவான். அதற்கென்றே பஸ்ஸை விட்டுவிட்டு வந்து உட்காருகிறவன் உண்டு. அதைச் சொன்னதற்கு இந்தப் பிள்ளை, இனிமேல் யாருக்கும் கழுத்தைச் சுண்டாதீங்க ஐயா, ஆபத்து என்றது. ஆனால் ஒன்று, இவள் விரல் தட்டவில்லை, தேய்க்கவில்லை, சத்தமே இல்லை. ஒரே இடத்தில் வைத்து அழுத்தியபடி சும்மா நின்றது. என்ன செய்கிறாள் என்று காத்திருந்தார். வலி ஏறி உச்சிக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு எதனாலோ கொஞ்சம் அசந்தது. நன்றாகக் கொதிக்கிற உலையில் ஒரு கை தண்ணீர் விட்ட மாதிரி. விரலுக்கு அடியில் ஏதோ ஒன்று நகர்ந்து வழிவிட்டது அவருக்கே தெரிந்தது. சுண்டுவிரலுக்குச் சூடு வந்தது. எம்புட்டு நேரம் இப்படிப் பிடிக்கணும் என்று கேட்டார். இளகுற வரைக்கும் என்றாள். இளகலன்னா? இளகும், கையை எடுக்காம இருந்தா இளகும், பாதியில எடுத்தா மறுபடி முதல்ல இருந்து வரணும். தொழில் தெரிந்த பேச்சுதான் என்று ஒப்புக்கொண்டார், மனசுக்குள், வெளியே அல்ல.

படுக்கச் சொல்வதற்கு முன்னால் உட்காரவைத்துக் கழுத்தைத் திருப்பச் சொல்லியிருந்தாள். இடப்பக்கம் திரும்புங்க. திரும்பினார், நாடி தோளைத் தொடுகிற அளவுக்குப் போனது. நல்லா இருக்கே என்றாள். வலப்பக்கம். திரும்பினார். திரும்பிவிட்டதாக நினைத்தார். திரும்புங்க ஐயா என்றாள் மறுபடி. திரும்பிட்டேனே. இல்லை, மூக்கு நேராகத்தான் இருக்கு. அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்து லேசாகத் திருப்பிப் பார்த்தாள், துருப்பிடித்த ரேழிக்கதவு மாதிரி கொஞ்சம் போய் நின்றுவிட்டது. அந்தப் பேச்சை இப்போது மறுபடி எடுத்தாள். கட்டை விரலைச் சின்ன முடிச்சுக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள்.

“வேலை செய்யும்போது எப்பவும் இடப்பக்கம் பார்த்தே நிப்பீங்களா?”

“அப்படில்லாம் இல்ல.”

“வலத்தோளைத் தூக்கி, தலையை இந்தப் பக்கம் சாய்ச்சு. உங்க சதை அப்படித்தான் சொல்லுது. வலப்பக்கம் என்ன இருக்கு கடையில? வெயில் அடிக்குமா?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாத பக்கத்துக்கா கழுத்து திரும்ப மாட்டேங்குது?”

“ஃபேன் இருக்கு,” என்றார் கொம்பையா ஓட்டைக்குள்ளிருந்து. “காத்து மூஞ்சில அடிக்கும்.”

“ஃபேனைக் கழட்டி வேற இடத்துல மாட்டுங்க.”

கழற்றுகிற ஃபேனா அது. நீளக் கண்ணாடி, சுவர் பூராவும் ஒரே கண்ணாடி, மாமனார் மதுரையிலிருந்து வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் தெருப்பக்கம் கொம்பையா சேர், உள்பக்கம் நம்பிராஜன் சேர். நேராக நின்று வெட்டினால் கண்ணாடியில் வலப்புறம் அவன் மூஞ்சி இருக்கும். தலையைத் தூக்கினால் அவன். சீப்பைத் தேடினால் அவன். பின்சுவரிலும் ஒரு கண்ணாடி இருப்பதால் அவனுக்குப் பின்னால் அவன், அதற்குப் பின்னால் இன்னும் சின்னதாக அவன், கடைசி வரைக்கும் அவன். அதனால் கொம்பையா நிற்கிற நிலையை மாற்றிக்கொண்டார். வாடிக்கைக்காரருக்கு இடது தோளோரம் நின்று, உடம்பைத் தெருவுக்குத் திருப்பி, வலத்தோளை மறைப்பு மாதிரித் தூக்கி வைத்துக்கொண்டு, தலையை இடப்பக்கம் ஒடித்து வேலை பார்த்தார். கை மட்டும் குறுக்கே போகும். கொம்பையா அண்ணாச்சி தெருவை வேடிக்கை பார்த்துக்கிட்டே செரைப்பாரு, ஒரு கீறல் விழாது என்று ஊரில் அதற்கும் ஒரு பேர் கிடைத்தது. போன வாரம் விழுந்துவிட்டது. வாடிக்கைக்காரரின் காதுமடல், ஒரு சொட்டு ரத்தம். படிகாரத்தை வைத்து அழுத்தினார். பரவாயில்ல அண்ணாச்சி என்றார் அந்த மனிதர். கண்ணாடியைப் பார்க்காமலேயே நம்பிராஜன் பார்க்கிறான் என்று தெரிந்தது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, எப்போதும் செய்கிற மாதிரி, ஷட்டர் ஓடுகிற இரும்புச் சட்டத்தில் போய் இடத்தோளைக் கொடுத்து எருமை மாதிரி உரசிக்கொண்டு நின்றான். அவனுக்கு அது ஒரு பழக்கம். இவரைப் பார்த்தால் உரசல். நீயெல்லாம் எனக்குத் தூசி என்று காட்டுகிற உரசல் என்றுதான் அவர் வைத்திருந்தார்.

டைல்ஸில் எறும்பைக் காணோம். கொம்பையா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார், போடப் பிடிக்காமல்தான் போட்டார். கை நடுங்குகிறது என்று அவன் சொன்ன அன்றைக்கு இவர் கை நடுங்கவில்லை. செம்பில் அலை இல்லை. அதற்குப் பிறகு அவன் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது என்று நின்றார். நின்றதால் இந்தப் பட்டாணி. பட்டாணியால் கை. அப்படியென்றால் அவன் சொன்னதை மெய்யாக்கியது யார்? அந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுகொண்டது. திரும்ப முதலிலிருந்து வந்தார். அவன் சொன்னான். இவர் நின்றார். எங்கே சுற்றி வந்தாலும் நின்றவர் இவராகவே இருந்தார். இல்லை, அவன் சொல்லாவிட்டால் இவர் ஏன் நிற்கப்போகிறார். சரிதான். தப்பு அவன் பேரில்தான். ஆனாலும் முடிச்சு இவர் முதுகில் அல்லவா இருக்கிறது. எழுந்திருங்க ஐயா என்றாள் ஜெஸ்லின். எழுந்து உட்கார்ந்தார், தலை லேசாகச் சுற்றியது. வலப்பக்கம் திரும்பச் சொன்னாள். திரும்பினார். சுவரில் ஒரு எலும்புக்கூட்டுப் படம் இருந்தது, அது அங்கே இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னாள், இன்னும் சில தரம் வரச் சொன்னாள். அந்த இடத்துக்கு உங்களுக்கே கை எட்டாது, யாராவது தெரிஞ்சவங்களை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க என்றாள். ஆனா நிக்கிறதை மாத்தலன்னா நான் என்ன அழுத்தினாலும் திரும்ப வந்துரும் பாத்துக்கிடுங்க, ஃபேனை மாத்துங்க.

கடைக்கு நடந்து வந்தார். வழியெல்லாம் வலப்பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார், ஊரில் புதிதாக வந்த ஆள் மாதிரி. கடலைமிட்டாய்க் கடையில் பாகு வாசனை. மத்தியான நேரம், கடையில் ஆள் இல்லை. நம்பிராஜன் தன் சேரிலேயே உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவன் இவர் நுழைந்ததும் எழுந்து முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டான். பின்னாலேயே ஒரு லோடு ஆட்டோக்காரர் வந்து கொம்பையா சேரில் விழுந்தார். சேவிங் அண்ணாச்சி, பொண்ணு பாக்கப் போறோம், பையனுக்கு, எனக்கில்ல என்று சிரித்தார். கொம்பையா நுரை போட்டார். பிளேடு மாற்றினார். வழக்கமான இடத்தில் போய் நின்றார். பிறகு சேரைச் சுற்றி அடுத்த பக்கம் வந்தார். தோளை இறக்கினார். நிமிர்ந்தார். கண்ணாடியில் நம்பிராஜன் இருந்தான். இவ்வளவு காலத்துக்குப் பிறகு முழுசாக அவனைப் பார்க்கிறார். முன்வழுக்கை விழுந்திருந்தது. கிருதா நரைத்திருந்தது. பின்கண்ணாடியில் அவன் பிடரி தெரிந்தது, அதில் படிக்கட்டு. அதே படிக்கட்டு. அட, சாத்தூருக்கா போகிறான் இவனும். கத்தியைக் கன்னத்தில் வைத்து இழுத்தார். அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. அவன் காலண்டர் பக்கம் வலப்புறமாகத் தலையை ஒடித்து நின்றான், இடத்தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது. இவருடைய வலத்தோள், அவனுடைய இடத்தோள். நடுவில் இல்லாத ஒரு சுவருக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நின்றிருக்கிறார்கள். கத்தி காதோரம் வந்தது. மடலைச் சுற்றிப் போனது. கீறவில்லை. பையனுக்கு முடிஞ்சிரும் அண்ணாச்சி, உங்க கை ராசி என்று முகத்தைத் தடவிக்கொண்டே ஆட்டோக்காரர் போனார்.

நம்பிராஜன் மெதுவாக வாசலுக்குப் போனான். சட்டத்தில் இடத்தோளைக் கொடுத்தான். உரசினான். கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எட்டாத ஒன்றை எட்டுகிற மாதிரி உரசினான். கொம்பையா கத்தியைத் துடைத்துக்கொண்டே பார்த்தார். இத்தனை வருஷமும் இதையா தூசி என்று நினைத்தோம்.

“அங்க இல்ல,” என்றார்.

உரசல் நின்றது. அவன் திரும்பவில்லை. யாருக்குச் சொல்கிறார் என்று தெருவைப் பார்த்தான்.

“ரெண்டு வெரக்கட கீழ. எலும்புக்கு உள்பக்கம். ஒரசுனா போவாது.”

“சும்மா அரிப்பு,” என்றான் அவன்.

“சுண்டுவெரலு மரத்துப்போவுதா?”

அவன் இடது கையை முன்னால் இழுத்து மறைத்துக்கொண்டான். அது போதும். கொம்பையா போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். எலும்பின் உள்ஓரமாகக் கட்டை விரலை இறக்கினார், அரிசியில் கல் தேடுகிற மாதிரி. இருந்தது. பட்டாணி இல்லை, மொச்சை. அழுத்தினார். நம்பிராஜன் ஐயோ அத்தான் என்று சட்டத்தைக் கட்டிப் பிடித்தான். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“நடுங்குதாலே?”

“எது?”

“என் கை.”

ஒரு மினிபஸ் போனது.

“அன்னைக்கு நமக்கு போணி ஆவல அத்தான்,” என்றான் நம்பிராஜன் சட்டத்தைப் பார்த்தபடி. “அதான் வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்.”

“நடுங்குதான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“சத்தமாச் சொல்லு.”

“இல்லங்கேன்லா! விடுங்க, உசுரு போவுது!”

கொம்பையா விடவில்லை. பாதியில் எடுத்தால் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். மூச்சப் புடிக்காதே, விடு என்று மட்டும் சொன்னார். கட்டை விரலை அதே இடத்தில் வைத்து, தேய்க்காமல், தட்டாமல், அது இளகுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றார்.